துணியில் ஓடிய சமையலறை

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். இருக்கட்டுமே. நாள் முழுக்க நின்றபடி துணி பார்க்கிறவளுக்கு அது வேறு எங்கே இருக்கும்?

நான் ஒரு துணி ஆலையில் வேலை செய்கிறேன். நெய்து முடித்த துணி, வெளியே போவதற்கு முன்னால் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். மேசை என்றால் சாய்வாக நிறுத்திய பெரிய கண்ணாடி. அதற்குப் பின்னால் விளக்கு எரியும். துணி மேலிருந்து கீழே வழிந்துகொண்டே இருக்கும். நான் அதில் பழுது தேட வேண்டும். அறுந்த இழை, எண்ணெய்க் கறை, முடிச்சு, ஓட்டை. எதையாவது கண்டால் காலடியில் இருக்கும் மிதியை அழுத்துவேன். துணி நிற்கும். ஓரத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு மறுபடி ஓட விடுவேன். கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு நின்று பார்த்தால்தான் அதன் பாடு தெரியும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். துணி ஓட ஓட, கொஞ்ச நேரத்தில் மேசை மறைந்துவிடும். கூடம் மறைந்துவிடும். தறிகளின் இரைச்சல் எங்கோ தொலைவுக்குப் போய்விடும். வெளிச்சமும் நிறமும் மட்டும் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். வெள்ளைத் துணி ஓடுகிற நாளில் மூடுபனிக்குள் நிற்கிறேனா என்று இருக்கும். நீலத் துணி ஓடினால் மூச்சே நிதானமாகிவிடும். மிதியை அழுத்தித் துணியை நிறுத்தினால் வேடிக்கை. நின்ற துணி மேலே ஏறுவது போலத் தெரியும். தலையைத் திருப்பினால் சுவரும் ஏறும். சுவரோரம் நிற்கும் சூப்பர்வைசரும் ஏறுவார். பைக்குள் எந்நேரமும் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருப்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் லென்ஸ். அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றுமே தெரியாமல், கூரையை நோக்கி மிதந்து போவதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

என் வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டினவர். கண் நரம்பு கெட்டுப்போய், ஓரங்களிலிருந்து பார்வை சுருங்க ஆரம்பித்தது. யாரும் சொல்வதற்கு முன்னால் அவரே டிப்போவில் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு மீதியும் போய்விட்டது. இப்போது ஜன்னல் எந்தப் பக்கம், விளக்கு எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் ஆலைக்குக் கிளம்பிவிட்டால் அவர் ஒருவர்தான்.

இதைத்தான் அண்ணி பிடித்துக்கொண்டார். அண்ணி, அவருடைய அக்கா. தாய் இல்லாத வீட்டில் அவரைத் தூக்கி வளர்த்தவர். ரயிலில் போக வேண்டிய தூரத்தில் இருக்கிறார்.

“என் வீட்ல எப்பவும் நாலு பேர் இருக்காங்கம்மா. நீ காலையில போனா பொழுது சாஞ்சு வர்ற. அதுவரைக்கும் அவன் சுவத்தைத் தடவிக்கிட்டுக் கிடக்கணுமா? நான் கூட்டிட்டுப் போயிடறேன். நீ லீவு கிடைக்கிறப்போ வந்து பார்த்துக்கோ.”

அண்ணி கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். அவர் நல்லவர், சொன்னதும் நியாயம். இவரோ போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கேட்டால் “பார்ப்போம்” என்பார். என்னத்தைப் பார்க்கப் போகிறீர்களோ என்று நாக்கு நுனி வரை வந்ததை மென்று முழுங்கினேன். எனக்கு அவர் போகக் கூடாது. லீவு கிடைக்கிறபோது போய்ப் பார்க்கிற சொந்தக்காரராக அவர் ஆகக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அதனால்தான் போனை ஆரம்பித்தேன். பஞ்சுத் தூசுக்காக நாங்கள் எல்லாரும் தலையில் துணி கட்டிக்கொள்வோம். அதற்குள் ஒரு காதில் இயர்போனைச் செருகிக்கொள்வேன். கூடத்தில் போன் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இருந்தால் என்ன? கண் கம்பெனிக்கு. காது சும்மாதானே இருக்கிறது, அதை என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன்.

“ஏய், டீத்தூள் டப்பா எங்க?”

“சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாடி.”

“சர்க்கரை டப்பா எங்க?”

“அடுப்புக்கு இடது பக்கம், மேல் தட்டு. கையை உசத்துங்க. இன்னும் கொஞ்சம். சில்லுன்னு தகரம் படுதா? அது உப்பு. அதைத் தாண்டுங்க.”

“ஆங், கிடைச்சிடுச்சு.”

“கிடைக்காம எங்க போகும்? எடுத்த இடத்துல வைக்கணும்னு சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணி வத்துது.”

“நீ திட்டுறதைக் கேட்டாதான் டீ நல்லா வருது.”

அவர் ‘எங்கே’ என்று கேட்ட உடனே, ஓடுகிற துணியில் எங்கள் சமையலறை வந்துவிடும். ஜன்னல் வழியாக விழும் வெயில், ஆணியில் தொங்கும் கைத்துண்டு, கழுவிக் கவிழ்த்த தம்ளர்கள், எல்லாம் அப்படியே. அதற்குள் அவர் கையை நீட்டிக்கொண்டு நடப்பார். தூக்கத்தில் நடக்கிறவருக்கு வழி காட்டுவது போல நான் மெதுவாகப் பேசிக்கொண்டே வருவேன். அந்த நிமிடங்களில் எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருக்கும். ஆலையிலும் நிற்கிறேன், வீட்டிலும் இருக்கிறேன். என்னை மாதிரிக் கெட்டிக்காரி உண்டா என்று எனக்கு நானே ஷொட்டு கொடுத்துக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை லென்ஸ் என்னைக் கூப்பிட்டார். காலையில் நான் பார்த்து அனுப்பிய நீலத் துணி மறுபடி என் மேசையில் ஏறியிருந்தது.

“ஓட விடறேன், பாரும்மா.”

துணி இறங்கியது. நடுவில் ஒரு இழை இல்லை. அந்த இடத்தில் விளக்கு வெள்ளைக் கோடாக எரிந்தது. கோடு வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. வாசலில் நிற்கிற காவல்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கும். துணி முழுவதும் ஓடி முடிகிற வரைக்கும் அது நிற்கவே இல்லை.

“இது எப்படிம்மா உன் கண்ணுல படாம போச்சு?” அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சப்பைக்கட்டு கட்டியிருப்பேன். அவர் பயந்துபோய்க் கேட்டார். “கண்ணுல எதுவும் பிரச்சினை இல்லையே? ஒரு தடவை டாக்டரைப் பாரு.”

ஐயோ, பார்வை போனவர் இருக்கிற வீட்டுக்காரியிடம் சொல்கிற வார்த்தையா அது!

“இல்லை சார். கவனிக்கல.”

“இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என் கையில இல்லம்மா. பேக்கிங்குக்குத்தான் அனுப்புவாங்க. அங்க சாயங்கால ஷிப்ட்தான் காலியா இருக்கு.”

சாயங்கால ஷிப்ட் என்றால் நான் வீட்டுக்கு வருகிறபோது என் வீட்டுக்காரர் தூங்கியிருப்பார். அது தெரிந்தால் அண்ணி ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிடுவார்.

கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு யோசித்தேன். அந்த நீலத் துணி ஓடியபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? தூங்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. துணிக்கு நேராகத்தான் இருந்தது. ஆனால் அப்போது அவர் சின்னக் கத்திரிக்கோல் எங்கே என்று கேட்டார். நான் படுக்கையறை மேசை இழுப்பறையைத் திறந்து, சீப்புக்கு அடியில், பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அந்த இழுப்பறையில் கிடந்த குண்டூசி வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. துணி என்ன நிறம் என்பதுகூட ஞாபகம் இல்லை.

பக்கத்து மேசைக்காரி நாள் முழுக்கப் பாட்டுக் கேட்கிறாள். ஒரு முடிச்சைக்கூட விட்டதில்லை. பாட்டு காதோடு போய்விடுகிறது போலிருக்கிறது. ‘எங்கே’ என்று ஒருவர் கேட்டால் அப்படி இல்லை. அந்தக் கேள்வி கண்ணையும் கையோடு இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. இது எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த வெள்ளைக் கோடு சொன்னது.

அன்றைக்குச் சாயங்காலம் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“நாளையிலிருந்து போன் பண்ணாதீங்க. என் போனை ஆலை லாக்கர்ல வச்சுப் பூட்டிடுவேன். ஞாயித்துக்கிழமை அண்ணி வர்றாங்க. அதுவரைக்கும் நீங்க கையைக் காலைச் சுட்டுக்காம இருக்கணும், நான் ஒரு இழையை விடாம இருக்கணும். புரியுதா?”

“சரி. நான் பார்த்துக்கறேன்” என்றார்.

முதல் நாள் போன் இல்லாத காது ஓட்டை விழுந்தது போல இருந்தது. யாரும் கேட்காமலே சமையலறை துணியில் வந்தது. அவர் அதற்குள் சத்தமில்லாமல் நடந்தார். ‘போங்க அந்தப் பக்கம், வேலை நேரத்துல’ என்று மனசுக்குள் விரட்டினேன். கலைந்து போனார். பிறகு துணி மட்டும் இருந்தது. வெளிச்சம் இறங்கிக்கொண்டே இருந்தது. தலைமுடி கனத்துக்கு ஒரு இழை விலகியிருந்தால்கூடக் கண் அங்கே போய் நின்றது. பஞ்சுத் துணுக்கு நெசவில் சிக்கியிருந்ததைக் கண்டுபிடித்தேன். லென்ஸ் தன் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, “பலே” என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

வேலை முடிந்து வெளியே வந்தால் தெரு முழுக்க மெல்ல மேலே போய்க்கொண்டிருக்கும். மின்கம்பங்கள், கடைப் பலகைகள், சைக்கிளில் போகிறவர்கள், எல்லாரும். நான் மிதந்துகொண்டே வீட்டுக்கு வருவேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் சோதனை ஆரம்பித்துவிடும். தரையில் தண்ணீர் சிந்தியிருக்கிறதா? அடுப்புத் திருகு மூடியிருக்கிறதா? கண்ணாடிச் சில்லு எங்காவது மின்னுகிறதா? கடைசியில் அவர் கைகளைப் பிடித்து விளக்குக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். சூடு பட்ட இடம் இருக்கிறதா, கீறல் இருக்கிறதா?

“பாஸா?” என்பார்.

“பாஸ்.”

“வேற ஒண்ணும் இல்லையா?”

“வேற என்ன? எல்லாம் சரியா இருக்கு.”

அவர் முகத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார். பிறகு, “ஒண்ணுமில்ல. சாப்பிடலாம் வா” என்பார்.

சாப்பிடும்போது நான் துணியைப் பற்றிப் பேசுவேன். பேசாத நேரத்திலும் எனக்குள் துணி ஓடிக்கொண்டிருக்கும். அவர் எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவார். புதன்கிழமை பேச்சு குறைந்தது. வியாழக்கிழமை இன்னும் குறைந்தது. அண்ணியோடு போவதென்று முடிவு பண்ணிவிட்டார், எனக்குச் சொல்லத்தான் தயங்குகிறார் என்று நினைத்தேன். அவர் குளிக்கப் போன நேரத்தில் அலமாரியைத் திறந்து பார்த்தேன். சட்டைகளை எடுத்து மடித்து வைத்திருக்கிறாரா, பெட்டி நகர்ந்திருக்கிறதா என்று தேடினேன். எதுவும் இல்லை. அப்படியும் மனசு ஆறவில்லை. முன்பைவிட உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். கதவு, தரை, அடுப்பு, கை.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி வந்தார். கையில் ஒரு பை நிறையப் பழம். வீடு பளிச்சென்று இருந்தது. ஒரு கப் உடையவில்லை, ஒரு விரல் சுடவில்லை. இனி என்ன சொல்லிவிடுவார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கதவைத் திறந்தேன். செருப்புச் சத்தம் கேட்டு இவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

அண்ணி இன்னும் நிலைவாசலைத் தாண்டவில்லை.

“டேய்! மீசை எங்கடா?”

நான் திரும்பினேன்.

மீசை இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்த முகத்தில், மூக்குக்குக் கீழே, வெயில் படாத ஒரு வெளிறிய இடம் இருந்தது. அது வேறு யாரோ ஒரு இளைய மனிதர் மாதிரி இருந்தது. அந்த மனிதரோடுதான் நான் தினமும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

“எப்பம்மா எடுத்தான்?” அண்ணி என்னைத்தான் கேட்டார்.

எனக்குத் தெரிந்தால்தானே? காதெல்லாம் சூடாகிவிட்டது.

“அவதான் அக்கா எடுக்கச் சொன்னா” என்றார் இவர். “வயசு குறைச்சலாத் தெரியுதாம்.”

“அப்படிப் போடு!” அண்ணி பழப் பையைக் கீழே வைத்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினார். “நான் என்னவோ ஏதோன்னு பதறிக்கிட்டு வர்றேன். நீ என்னடான்னா இவனைப் பார்த்துப் பார்த்து அலங்காரம் பண்ணிக்கிட்டு இருக்கியா?”

நான் சிரித்தேன். அசடு வழிந்தது எனக்கே தெரிந்தது. அண்ணிக்குத் தெரியவில்லை. அவருக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம். சமையலறையில் என் பக்கத்தில் நின்று காய் நறுக்கிக்கொண்டே, “உன் கண் அவன் மேல இருக்கிற வரைக்கும் எனக்குக் கவலை இல்லம்மா” என்றார். அடி விழுந்த மாதிரி இருந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மத்தியான ரயிலுக்குக் கிளம்பும்போது தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “என்னடா சொல்ற? வர்றியா, இங்கயே இருக்கியா?”

“இங்கயே இருக்கேன் அக்கா. நான் வந்துட்டா இவளுக்குத் திட்டறதுக்கு ஆள் கிடைக்காது.”

அண்ணி சிரித்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினார். தெருமுனை திரும்புகிற வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே போனார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. அவர் போகவில்லை. குதித்திருக்க வேண்டும் நான். கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றேன். அவர் ஜன்னல் பக்கத்து நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார்.

“எப்போ எடுத்தீங்க?”

“செவ்வாய்க்கிழமை.”

ஞாயிறு வந்துவிட்டது. நான் எண்ணிப் பார்க்கவில்லை, எண்ணப் பயமாக இருந்தது.

“கத்திரி ஒரு பக்கத்தைக் கடிச்சிடுச்சு. சரி பண்றேன்னு இன்னொரு பக்கத்துல கை வச்சேன், அதுவும் போச்சு. தொலையட்டும்னு மொத்தமா வழிச்சிட்டேன்.” அவர் சிரித்தார். “நீ வந்து பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிப்பேன்னு வாசல்லயே நின்னேன். நீ நேரா அடுப்பைப் பார்க்கப் போயிட்ட.”

“வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே!” எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். “தினமும் வேற ஒண்ணும் இல்லையா, வேற ஒண்ணும் இல்லையான்னு கேட்டதுக்கு, மீசையை எடுத்துட்டேன்டின்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“சொல்லிட்டா அப்புறம் நீயா பார்க்கிறது எங்க?” அவர் முகத்தைத் தடவிக்கொண்டார். “எனக்கு என் மூஞ்சி தெரியறதில்ல. கண்ணாடி முன்னாடி நின்னாலும் ஒண்ணுதான், சுவர் முன்னாடி நின்னாலும் ஒண்ணுதான். நீயும் பார்க்கலன்னா, அது இருக்கா இல்லையான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு.”

நான் அழுதுவிட்டேன். மறைக்கவில்லை, அவருக்குத்தான் சத்தம் கேட்குமே. கையைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன், வீட்டில் பழுது இருக்கிறதா என்று மூலை முடுக்கெல்லாம் பார்த்தேன். மனிதரைப் பார்க்கவில்லை.

“அப்புறம் ஏன் அண்ணிகிட்ட அப்படிச் சொன்னீங்க?”

“பின்ன? உன்னை விட்டுக் கொடுப்பேனா?”

ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் அதைத் தாங்க முடியவில்லை.

“சரி, அழுதது போதும்” என்றார். “இப்பவாவது சொல்லு. எப்படி இருக்கேன்?”

நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே, முழங்காலோடு முழங்கால் முட்டுகிற மாதிரி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் ஒரு பக்கமாக விழுந்திருந்தது. நெற்றி. புருவத்தில் இரண்டு மூன்று நரை. கண்கள் என்னைத் தாண்டி ஜன்னலை நோக்கி நின்றன. உதட்டுக்கு மேலே, வலது பக்கம், மெல்லிய வெள்ளைத் தழும்பு ஒன்று. இத்தனை வருஷமும் மீசைக்குள் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது.

“இங்க ஒரு தழும்பு இருக்கே” என்று விரலை வைத்தேன்.

“அதுவா?” அவருக்குக் குஷி வந்துவிட்டது. “அது பள்ளிக்கூடத்துல படிக்கிறப்போ. எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு மதில் சுவர் இருந்துச்சு. அதுக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டை. அக்கா கீழ நின்னு ஏறாதடான்னு கத்தறா...”

சுவர் வந்தது. குட்டை வந்தது. பச்சைத் தண்ணீரில் வெயில் பளபளத்தது. எனக்கு எதிரே இருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக எங்கோ போய்க்கொண்டிருந்தது.

அவர் உதட்டின் மேல் கையை வைத்து மூடினேன்.

“அந்தக் கதையை அப்புறம் சொல்லுங்க. இப்போ பேசாதீங்க.”

“ஏன்?” விரல்களுக்கு நடுவிலிருந்து கேட்டார்.

“நீங்க பேசினா என்னால உங்களைப் பார்க்க முடியல.”

கையை எடுத்தேன். அவர் வாயை மூடிக்கொண்டு, முகத்தை எனக்கு நேராகக் காட்டிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.